கல்வராயன் மலையில் மஞ்சள் பட்டை

மலம் வாங்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு யாரும் விமானம் ஏற முடியாது. ஈப்போவில் பக்கத்து வீட்டு அம்மா கேட்டபோது, "தமிழ்நாட்டுக்கு, ஒரு ஆராய்ச்சி வேலையாக" என்று மட்டும் சொன்னேன். "திருவண்ணாமலைப் பக்கம் போனால் எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கோ" என்றார். சரி என்றேன். நான் பொய் சொல்லவில்லை. உண்மையை முழுவதும் விரித்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கூண்டில் நிற்பவர் தமிழில் திட்டினால், நீதிபதிக்கு அதே திட்டை அதே அளவில் கொடுக்க வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, நமக்கு வெட்கமாக இருக்கிறது என்று மென்மையாக்கக் கூடாது. இந்தப் பழக்கத்தால்தான் எனக்கு இந்த வேலை வந்தது. அக்காள் மகள் வேலை பார்க்கும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர், கல்வராயன் மலையில் ஆராய்ச்சி செய்யப் போகிறாராம். இரண்டு தரப்புக்கும் சொந்தமில்லாத நடுநிலையான ஆள் மொழிபெயர்ப்புக்கு வேண்டுமாம். என் பெயரைக் கொடுத்துவிட்டாள். ஓய்வு பெற்ற சித்திகளை யாரும் கேட்டுவிட்டுக் கொடுப்பதில்லை.

ஆராய்ச்சி இதுதான். மனிதக் குடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. நகரத்து மக்கள் மாத்திரைகளை அள்ளி விழுங்கி அவற்றில் பாதியைக் கொன்றுவிட்டார்கள். மலையில் சாமையும் கிழங்கும் தின்று வாழ்கிறவர்கள் வயிற்றில் அவை இன்னும் பத்திரமாக இருக்கலாம். அதைக் கண்டுபிடித்தால் நாளைக்கு ஒரு கம்பெனி அதை மாத்திரையாக்கி நகரத்துக்காரர்களுக்கே விற்கலாம். கண்டுபிடிக்க ஒரே வழி, மலைக்காரர்கள் காலையில் வெளியேற்றுவதைக் கேட்டு வாங்குவது.

கள்ளக்குறிச்சியில் முதல் நாள் பேராசிரியர் கிரகாமைச் சந்தித்தேன். ஓங்கி வளர்ந்த, மிக மரியாதையான மனிதர். எதிர்ப்பட்டவர்களை எல்லாம் பார்த்துக் கைகூப்பினார். லாட்ஜில் அறை கூட்டுகிற பெண், தண்ணீர் கேன் போடுகிறவர், சுவரில் மாட்டியிருந்த முதலாளியின் அப்பா படம், ஒருவரையும் விடவில்லை. கூடவே அவருடைய இந்தியக் கூட்டாளி டாக்டர் வசந்த். சென்னைக்காரர். நன்றாகத் தமிழ் தெரியும். ஆனால் நல்ல நாளுக்குக் கட்டலாம் என்று பட்டுப்புடவையைப் பீரோவில் வைப்பதுபோல் அதை வைத்திருந்தார். வாயைத் திறந்தால் ஆங்கிலம்தான்.

"இது பழைய மாதிரி ஆராய்ச்சி இல்லை. பழங்குடி மக்கள் இங்கே ஆய்வுப் பொருள் இல்லை, ஆய்வுக் கூட்டாளிகள்" என்றார் வசந்த். அந்த வாக்கியத்தை அவர் பலமுறை சொல்லிப் பழகியிருந்தது தெரிந்தது.

தெருக்கடைச் சாப்பாடு ஆகாது என்று பேராசிரியர் லாட்ஜிலேயே வெள்ளரிக்காய் சாண்ட்விச் வரவழைத்துக்கொண்டார். நான் பேருந்து நிலையத்துப் பக்கம் இருந்த பரோட்டாக் கடைக்குப் போனேன். எங்கள் ஊரில் ரொட்டி சானாயைத் துணி உதறுவதுபோல் வீசி மடித்துப் பதமாகக் கொடுப்பார்கள். இங்கே மாஸ்டர் வெந்த பரோட்டாக்களை அடுக்கி இரண்டு கையாலும் ஓங்கி அறைந்தார். இவ்வளவு அடி எதற்கு என்று கேட்டேன்.

"வூட்ல காட்ட முடியாத கோவத்தை இங்க காட்டறதுங்க" என்றார். சால்னா நாக்கில் தீ வைத்தது. இரண்டு தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நான் கல்லுக்குண்டு போல் எழுந்து வந்தேன். பேராசிரியரைத்தான் காணோம். சாண்ட்விச் தன் வேலையைக் காட்டியிருந்தது. உலகத்துக் குடல்களை எல்லாம் அறிந்த மனிதர் தன் குடலைப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ஏறியதும் ஆன்டிபயாடிக் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து காலையும் மாலையும் போட்டார்.

கோமுகி அணையைத் தாண்டி ஜீப் மலை ஏறத் தொடங்கியது. ஒரு வளைவில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லாரி எதிரே வந்து நின்றது. எந்த வண்டி பின்னால் போவது என்று இரண்டு டிரைவர்களும் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். எங்கள் கேமரன் மலைப் பாதையில் இப்படி நின்றால் பின்னால் நிற்பவர்கள் ஹாரனிலேயே நம்மைத் தள்ளிவிடுவார்கள். இங்கே பின்னால் வந்தவர்கள் இறங்கி வந்து, ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டு, ஓரமாக நின்று பீடி பற்ற வைத்துக்கொண்டார்கள். பேராசிரியர் மட்டும் இறங்கிப் புதர்ப் பக்கம் ஓடினார். லாரிக்காரர், "பாவம், சார் போய் வரட்டும்" என்று அதுவரை வண்டியை எடுக்காமல் காத்திருந்தார்.

ஊர் பெயரை எழுதப் போவதில்லை. கரியாலூரிலிருந்து பிரிந்து போகிற பல பாதைகளில் ஒன்றின் முடிவில் இருக்கிறது. முப்பது, நாற்பது வீடுகள், சுற்றிலும் சாமைக் கொல்லை, கடுக்காய் மரங்கள், ஒரு மாரியம்மன் கோயில். ஊர்க் காரியங்களை முடிவு செய்கிற தலைவரை ஊர்க்கவுண்டர் என்கிறார்கள். வெள்ளை மீசை, பச்சைத் துண்டு, நிதானமான பேச்சு. எங்களைப் பாயில் உட்கார வைத்து சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள். பேராசிரியர் சோற்றுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வயிற்றைத் தடவிக் காட்டி விலகிக்கொண்டார். அவர் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

பிறகு கூட்டம். சென்னையில் அச்சடித்த துண்டுத்தாளை வசந்த் கொடுத்தார். "நீங்கள் எங்கள் சமூகப் பங்காளிகள்" என்று முதல் வரி. ஊர்க்கவுண்டர் அதைத் தள்ளிப் பிடித்துப் படித்துவிட்டு, "பங்காளியா? இருக்கறவனோடயே வரப்புத் தகராறு முடியலீங்களே" என்றார்.

பேராசிரியர் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். கொலை வழக்குகளில்கூடக் குரல் மாறாமல் பேசியவள் நான். அன்றைக்குத் தொண்டையை இரண்டு முறை செருமிக்கொள்ள வேண்டியிருந்தது. முடித்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏம்மா, அந்த ஊர்ல யாரும் போறதே இல்லையா?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. கேட்டவள் ராமாயி. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மெலிந்த உடம்பு, வெற்றிலைச் சிவப்பு வாய், யாருக்கும் பயப்படாத கண். அந்த ஊரில் கடையில் வாங்கித் தின்கிற பழக்கமே இல்லாத சிலரில் அவளும் ஒருத்தி என்று பின்னால் தெரிந்தது. அதனால் அவள்மேல் பேராசிரியருக்குத் தனி மரியாதை.

அவர்களும் போகிறார்கள், ஆனால் அவர்கள் வயிற்றில் இருந்த நல்ல உயிர்களைத் தொலைத்துவிட்டார்கள், உங்களிடம் அவை இன்னும் இருக்கின்றன என்று விளக்கினேன்.

"நாங்க தொலைக்காதது இன்னும் எதனா இருக்குதான்னு நல்லாப் பாத்து, அதையும் எடுத்துக்கினு போவச் சொல்லு" என்றாள். மொழிபெயர்த்தேன். பேராசிரியர் மகிழ்ந்துபோய்க் கைகூப்பினார். அதை நன்கொடை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது.

ராமாயியின் புருஷன் சின்னராசு, பேச்சுக் குறைந்த ஆள், ஒரு கேள்வி கேட்டார். "இதுல மருந்து வந்தா, எங்களுக்கும் கொடுப்பாங்களா?"

பேராசிரியர் நீண்ட நேரம் பேசினார். பயன் பகிர்வு, உரிய கட்டம், சாத்தியமான பாதைகள், தொடர் உரையாடல் எல்லாம் வந்தன. அத்தனையையும் வரிசை மாறாமல் சொன்னேன். சின்னராசு பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கொடுப்பாங்களா?" என்றார் மறுபடி. அதையும் மொழிபெயர்த்தேன். பேராசிரியர் இந்தத் தடவை சுருக்கமாக, தனக்குத் தெரியாது என்றார். அன்றைய கூட்டத்தில் அவர் சொன்ன நேர்மையான வாக்கியம் அதுதான்.

இருந்தாலும் ஊர் ஒப்புக்கொண்டது. ஏன் என்று கேட்டதற்கு ஊர்க்கவுண்டர் சொன்னார்: "இவ்ளோ தூரம் வந்து, நம்ம வூட்டு வாசல்ல நின்னு இதைக் கேக்கறாரு. எவ்ளோ கஷ்டமோ. இல்லன்னு எப்டிம்மா சொல்றது?" எல்லாருக்கும் ஆளுக்கொரு சோப்பும் ஒரு பனியனும் கொடுத்தார்கள். பனியனில் ஆங்கிலத்தில், 'என் குடல், உலகுக்கு என் கொடை' என்று அச்சடித்திருந்தது. அதை மட்டும் மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்து நடந்ததுதான் கதை. ஆய்வில் சேர்ந்தவர்களை அடையாளம் காண ஆளுக்கொரு எண் போட்ட துணிப்பட்டை. மணிக்கட்டில் கட்ட வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தின் நிறம் மஞ்சளாம், அதனால் மஞ்சள் பட்டை. உதவியாளர் கட்டினால் மரியாதையாக இருக்காது, படத்துக்கும் நன்றாக இருக்காது என்று பேராசிரியர் தம் கையாலேயே கட்டினார். கட்டும்போதே விதிகளை நான் உரக்கச் சொன்னேன். பட்டை கையில் இருக்கும் வரை வெளி உணவு கூடாது. ஊரை விட்டு வெளியே தங்கக் கூடாது. ஆன்டிபயாடிக் மாத்திரை கூடாது, போட்டால் ஆய்விலிருந்து நீக்கிவிடுவோம். காலம் முடிந்ததும் பேராசிரியரே வந்து பட்டையை அவிழ்ப்பார்.

அதுவரை கேலி பேசிக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிப்போனது. பெண்கள் எழுந்து போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றி வைத்தார். இன்னொருவர், "இன்னிக்கு நாள் எப்டிங்க?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். ராமாயிகூட வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்துதான் கையை நீட்டினாள். வசந்துக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தீர்களா, சமூகம் இதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டுவிட்டது" என்றார் என்னிடம்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் பேராசிரியர் தரையில் நடக்கவில்லை. தினமும் காலையில் சாம்பிள் டப்பாக்கள் வரிசையாக வந்து சேர்ந்தன. ஒருவரும் தவறவில்லை. கிழங்கு லோடு ஏற்றக் கீழே போகிற ஆண்கள் போகவில்லை. வெள்ளிமலைச் சந்தைக்கு யாரும் போகவில்லை. பெட்டிக்கடையில் பிஸ்கட் அப்படியே கிடந்தது. தலைவலி மாத்திரைகூட ஒருவரும் தொடவில்லை. அது பரவாயில்லை என்று நான் சொல்லியும் தொடவில்லை. பேராசிரியர் சிக்னல் கிடைக்கிற ஒரே பாறைமேல் ஏறி நின்று, தன் வாழ்நாளில் இப்படிப்பட்ட கட்டுப்பாட்டைப் பார்த்ததில்லை என்று வெளிநாட்டுக்குக் கூவினார். கீழே இறங்கியதும் தன் மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

நடுவில் ஒரு நாள் ஜீப் படுத்துவிட்டது. டப்பாக்கள் இருந்த தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் உருகுவதற்குள் கள்ளக்குறிச்சி போக வேண்டும். வசந்தும் நானும் பெட்டியோடு பேருந்தில் ஏறினோம்.

"பொட்டியில இன்னா, மீனா?" என்றார் கண்டக்டர்.

வசந்த் ஆங்கிலத்தில், உயிரியல் பொருள் என்றார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். "மீன் இல்லைங்க" என்றேன். அதற்குமேல் நீதிமன்றமே கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். மலை அடிவாரத்தில் போலீஸ் சோதனை. மலையிலிருந்து சாராயம் இறங்குகிறதா என்று பார்க்கிறவர்கள். ஐஸ் வைத்த வெள்ளைப் பெட்டியை விடுவார்களா? திறக்கச் சொன்னார் ஒரு போலீஸ்காரர். வசந்த் மறுத்தார். மறுத்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும். போலீஸ்காரரே மூடியைத் திறந்து, ஒரு டப்பாவை எடுத்து, திருகி, முகத்தருகே கொண்டுபோனார்.

உடனே மூடினார். நன்றாக இறுக்கி மூடினார். "இன்னா மேடம் இது?" என்றார் மெதுவாக.

"ஆராய்ச்சிங்க."

"போங்க, போங்க" என்றார். பேருந்து கிளம்பியபோது அவர் கையை மண்ணில் தேய்த்துக்கொண்டிருந்தார். பெட்டிமேல் தன் டிபன் பையை வைத்திருந்த ஒரு அம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பி மலைக்கு வந்த மறுநாள் காலை, டப்பாக்களில் ஒன்று குறைந்தது. ராமாயியுடையது. நேரில் கேட்கலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன்.

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தாள். ஊர்க் கூட்டத்தில் எல்லாரையும் சிரிக்க வைத்த வாய் உலர்ந்து வெடித்திருந்தது. சில நாள் முன்பு விறகுக்குப் போனபோது பாதத்தில் மூங்கில் சிராய் ஏறியிருக்கிறது. இப்போது கால் முழங்கால் வரை வீங்கி, தோல் பளபளவென்று சிவந்து கிடந்தது. தொட்டால் நெருப்பு. எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் ஈப்போவில் என் அண்ணனுக்கு இதே மாதிரி கால் வீங்கி, நாளைக் கடத்திக்கொண்டே இருந்து, கடைசியில் முழங்காலோடு எடுக்க வேண்டியதாயிற்று. அதைப் பார்த்தவள் நான்.

"ஆஸ்பத்திரிக்கு ஏன் போகலை?" என்று சின்னராசுவைக் கத்தினேன்.

அவர் மனைவியின் மணிக்கட்டைக் காட்டினார். மஞ்சள் பட்டை.

"காப்பு இருக்குதேம்மா" என்றாள் ராமாயி. "கட்டிக்கினு எல்லை தாண்டக் கூடாது. மாத்திரையும் கூடாது. நீதானே சொன்ன?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் கயிறு. கட்டிக்கொண்டவர்கள் ஊர் எல்லை தாண்டக் கூடாது, கண்டதைத் தின்னக் கூடாது, விழா முடிந்து கட்டியவரே அவிழ்க்கும் வரை விரதம். எங்கள் ரப்பர்த் தோட்டத்துக் கோயிலிலும் உண்டு. தீமிதிக்குக் காப்புக் கட்டி, ஞாயிறு முடிந்ததும் திங்கள் வேலைக்குப் போக வேண்டுமே என்று கத்தரிக்கோலால் வெட்டிச் சாக்கடையில் போட்டுவிட்டுப் போவோம். இங்கே அப்படி இல்லை. ஊர் கூடிக் கட்டியதை ஒருத்தி அவிழ்த்தால் ஊருக்கே ஆகாது. பேராசிரியர் மஞ்சள் துணியைத் தன் கையால் கட்டி, காப்புக்கு உரிய அத்தனை விதியையும் என் வாயால் சொல்லவைத்து, தானே வந்து அவிழ்ப்பதாகவும் சொல்லிவைத்திருக்கிறார். அவர்கள் அவர் கேட்டதற்கு மேலேயே மரியாதை கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் ஜாகைக்கு ஓடினேன். பேராசிரியர் கணினியில் வளைகோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. அவர் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். "உடனே மருத்துவமனைக்குப் போகட்டும். விலக அவளுக்கு முழு உரிமை உண்டு. தாளில் எழுதியிருக்கிறோமே" என்றார்.

வசந்துக்கு வேறு கவலை. முதல் முறையாக அந்தப் பட்டுப்புடவைத் தமிழை எடுத்து உதறினார். "மேடம், இது காப்புன்னு நெனச்சுத்தான் எல்லாரும் ஒழுங்கா இருந்தாங்கன்னு வெளியே தெரிஞ்சா, அப்புறம் சம்மதமே செல்லாதுன்னு ஆயிடும். மொத்த டேட்டாவும் போச்சு. அந்த வார்த்தையை ரிப்போர்ட்ல கொண்டு வராதீங்க, ப்ளீஸ்."

"என் வேலை ரிப்போர்ட் எழுதுவது இல்லை" என்றேன்.

ராமாயி வீட்டு வாசலுக்கு நாங்கள் வந்தபோது ஊர் முழுக்கத் திரண்டிருந்தது. விலகுவது உன் உரிமை என்று பேராசிரியர் சொன்னதைச் சொன்னேன்.

"உரிமை இருக்கட்டும்மா. நான் மட்டும் அவுத்துக்கினு போனா, நாளைக்கு எவனுக்காச்சும் ஒண்ணு ஆச்சுன்னா என் தலையிலதானே வுழும்" என்றாள். யாரும் அதை மறுக்கவில்லை. சின்னராசு மட்டும், "வுழுந்தா வுழட்டும், நீ எழுந்திரு" என்றார்.

பேராசிரியர் கட்டிலருகே மண்டியிட்டு, தானே அவிழ்ப்பதாகச் சொல்லிக் கையை நீட்டினார். நீட்டியவர் பாதியில் நின்றார். என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி ஆங்கிலத்தில் பேசினார். மருத்துவமனையில் ஆன்டிபயாடிக் ஏற்றிவிடுவார்கள். ஏற்றிவிட்டால் அவள் வயிற்றில் இருப்பதெல்லாம் போய்விடும். இந்த ஊரிலேயே மிக அரிய வயிறு அவளுடையது. கிளம்புவதற்கு முன் கடைசியாக ஒரே ஒரு சாம்பிள் கொடுக்க முடியுமா என்று நாசூக்காகக் கேட்டுப் பாருங்கள் என்றார்.

நாசூக்கு எனக்கு வராது. நீதிமன்றத்தில் யாரும் அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. எழுந்து நின்று, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, அவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். 'மிக அரிய வயிறு' உட்பட. 'நாசூக்காக' உட்பட.

வசந்த் கண்ணை மூடிக்கொண்டார். சின்னராசு பேராசிரியரை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். ஊர்க்கவுண்டர் சின்னராசுவின் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு முன்னால் வந்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா. எங்க ஊர்ல காப்பு கட்டறவரு மொதல்ல தன் கையில கட்டிக்குவாரு. அப்புறம்தான் ஊருக்குக் கட்டுவாரு. அன்னிக்கே பாத்தேன், இவரு கையில இல்ல. வெளிநாட்டுக்காரரு, அவங்க மொறை வேறயா இருக்கும்னு மரியாதைக்கு வுட்டுட்டேன். சரி, கட்டிக்கல. விரதமாச்சும் இருந்தாரா? இத்தினி நாள்ல மாத்திரை எதனா சாப்ட்டாரா?"

"அது இப்ப ரெலவன்ட் இல்லைங்க" என்று வசந்த் குறுக்கே வந்தார். நான் கேள்வியைப் பேராசிரியரிடம் சேர்த்துவிட்டேன்.

அவர் மறைக்கவில்லை. "ஆமாம், ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். வயிறு சரியில்லை. மருந்து இல்லாமல் எப்படி?" என்றார். மொழிபெயர்த்தேன். மருந்து இல்லாமல் எப்படி என்று கேட்கிறார் என்றேன்.

கட்டிலில் இருந்து ராமாயிதான் பேசினாள். "அவரு வயித்துக்கு ஆவும், என் காலுக்கு ஆவாதா?"

ஊர்க்கவுண்டர் இடுப்பிலிருந்து சூரிக்கத்தியை எடுத்தார். "தான் கட்டிக்காதவரு கட்டினது காப்பே இல்ல. வெறும் துணி" என்றார். முதலில் தன் கைப் பட்டையை அறுத்தார். பிறகு ராமாயியுடையதை. கத்தி கை மாறிப் போய்க்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் வாசல் முழுக்க எண் போட்ட மஞ்சள் துணிகள். கோழி ஒன்று வந்து கொத்திப் பார்த்துவிட்டுப் போயிற்று.

ராமாயி காலை நீட்டிப் படுக்க, சரிசெய்து வந்திருந்த ஜீப்பின் பின்பக்கம் வேண்டும். அங்கே தெர்மாகோல் பெட்டி இருந்தது. டிரைவர் குமார் யாரையும் கேட்காமல் அதைத் தூக்கி வெயிலில் வைத்தார். வசந்த் நிழலுக்கு நகர்த்தப் போனார். பேராசிரியர் அவரைத் தடுத்துவிட்டு, ராமாயியை ஒரு பக்கம் தாங்கித் தூக்கி ஏற்றினார். அந்த ஒன்றுக்காக அவருடைய தப்புகளை இங்கே கொஞ்சம் குறைத்தே எழுதியிருக்கிறேன்.

கீழே இறங்கும் வழியெல்லாம் ராமாயி பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் என் கையை நெரித்தாள். எனக்கு அவள்மேல் இரக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. இவ்வளவு புத்தி உள்ளவள் இவ்வளவு நாள் பொறுத்தாளே என்று. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காலைப் பார்த்ததும் பேசிக்கொண்டிருக்கவில்லை, உள்ளே கொண்டு போய்விட்டார். வெளியே வந்து, இன்னும் தாமதித்திருந்தால் காலை மட்டும் இல்லை, ஆளையே காப்பாற்றியிருக்க முடியாது என்றார். சின்னராசு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். நான் போய் இரண்டு டீ வாங்கி வந்தேன். எங்கள் ஊரில் நுரை பொங்க ஆற்றித் தரும் தே தாரிக்கின் கால்தூசி பெறாத டீ. இருந்தாலும் அதைப் போல ஒரு டீயை நான் குடித்ததில்லை.

மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ராமாயி எழுந்து உட்கார்ந்து, வாய்க்கு ருசியாக ஏதாவது வேண்டும் என்று பரோட்டா கேட்டாள். வாழ்நாளில் முதல் தடவையாம். டாக்டரம்மா இட்லிதான் என்று சொல்லிவிட்டார். அவள் இட்லியைத் திட்டிக்கொண்டே தின்றபோது என் கைப்பேசி ஒலித்தது. வசந்த்.

முதலில் ராமாயியின் உடல்நலம் விசாரித்தார். பேராசிரியர் மிகவும் வருந்துகிறார் என்றார். நல்ல பண்பு. பிறகு விஷயத்துக்கு வந்தார். நடந்தது நடந்துவிட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால், மருந்து ஏற்றுவதற்கு முந்திய ராமாயியின் சாம்பிள்கள் கையில் இருக்கின்றன. மருந்து ஏற்றியதற்குப் பிந்தியதும் கிடைத்தால், முன்னும் பின்னும் ஒப்பிடுகிற மிக அருமையான தனி ஆய்வு ஆகும். இந்த முறை பட்டை எல்லாம் கிடையாது. முழு சம்மதத்தோடுதான். நீங்கள் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், கேட்டுப் பாருங்கள் என்றார்.

கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே ராமாயியிடம் சொன்னேன். எல்லாவற்றையும், அந்த 'மிக அருமையான' உட்பட.

ராமாயி விரலில் ஒட்டிய சட்னியை நக்கினாள். யோசித்தாள். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. கூட்டத்தில் ஒரு விஷயம் பேசுகிறவள் போல நிதானமாகச் சொன்னாள்:

"தாராளமா குடுக்கறேன்னு சொல்லு. ஆனா மொதல்ல அந்த வெள்ளக்காரரு தன்னோடதை ஒரு டப்பாவுல போட்டு, தன் கையால எடுத்துக்கினு எங்க ஊருக்கு வரணும். கூட்டத்துல நடுவுல வெச்சு எல்லாரும் பாப்போம். இன்னா தின்னாரு, இன்னா மாத்திரை போட்டாருன்னு நாங்க கேப்போம், அவரு பதில் சொல்லணும். அது எங்களுக்குப் புடிச்சிருந்தா, அப்புறம் பாக்கலாம்."

நான் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"இதை அப்படியே புரொபசர்கிட்ட சொல்லணுமா மேடம்?" என்றார் வசந்த், தமிழில்.

"அப்படியே சொல்லணும்" என்றேன். "எப்ப வர்றாருன்னு நாளும் கேட்டுச் சொல்லுங்க. ஊர்ல கூட்டம் போடணுமாம்."